எருக்கிலைப் பச்சை

மீட்டரில் முந்நூற்றுப் பத்து. எழுந்துபோய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து பார்த்தாலும் அதே முந்நூற்றுப் பத்து. இந்தச் சூளை ஆறுகிறதா, இல்லை ஆள் பார்க்கிற நேரத்தில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று கலிவரதனுக்குச் சந்தேகம் வந்தது. கேட்க ஆள் இல்லை. முந்திரித் தோப்பின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் இரும்புப் பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கிற கேஸ் சூளை. எதிரே வயர் பின்னின நாற்காலி. நாற்காலியில் எழுபது தாண்டின ஒரு கட்டை. புதுச்சேரிப் பக்கத்துச் சித்திரை வெயில் செம்மண்ணில் இறங்கி, அங்கேயும் இருக்கப் பிடிக்காமல் மறுபடி மேலே கிளம்பிக்கொண்டிருந்தது. நேற்று முழுக்க எரித்து ஆயிரத்து இருநூற்று எண்பது டிகிரிக்கு ஏற்றி, சாயங்காலம் நெருப்பை நிறுத்தி, இருக்கிற ஓட்டையெல்லாம் அடைத்து, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துகிற மாதிரி மெள்ள மெள்ள ஆறவிட்டிருந்தார். அவசரமாக ஆறினால் மண்மேல் பூசின கிளேஸ் கண்ணாடியாக இறுகி, எண்ணெய் தடவின தலை மாதிரிப் பளபளக்கும். நிதானமாக ஆறினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடிப் படிகங்கள் முளைத்து, மினுக்கம் செத்து, மேலே ஒரு மாவு பூத்துவிடும். அந்த மாவுக்காகத்தான் இத்தனை கூத்தும். டீச்சர் நாலு மணிக்கு மேல் வருவார். வந்ததும் கதவைத் திறந்தாக வேண்டும். திறந்தால் மேலிருந்து கீழ்வரை டீச்சருடைய வெள்ளைக் கிண்ணங்கள். அவை வெள்ளையாகவே இருக்குமா என்பதுதான் இப்போதைய கவலை. ஏனென்றால் கீழ்த்தட்டு மூலையில், உடைந்த சூளைத்தட்டு ஒன்றைச் சுவர் மாதிரி நிறுத்தி, அதற்குப் பின்னால் கலிவரதன் ஒளித்து வைத்த சின்னக் கோப்பை ஒன்று இருக்கிறது. அதில் குரோம் இருக்கிறது. குரோம் இந்தச் சூளை வாசலை மிதிக்காது என்று டீச்சருக்கு வாக்குக் கொடுத்தவரும் அவர்தான்.

குரோம் பச்சை இருக்கிறதே, அது மேசைமேல் இருக்கும்வரை சாது. சூடு ஆயிரத்து இருநூறைத் தொட்டால் அதற்குக் கால் முளைத்துவிடும். ஆவியாகி எழுந்து, தட்டு விட்டுத் தட்டு நடந்து, பக்கத்தில் வெள்ளீயம் போட்ட வெள்ளைக் கிளேஸ் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து அதன் கன்னத்தைக் கிள்ளும். கிள்ளின இடம் ரோஜா நிறமாகச் சிவந்துவிடும். ஆயுசுக்கும் போகாது. டீச்சருடைய வெள்ளை, வெள்ளீய வெள்ளை. நுங்கைத் தோல் உரித்தவுடன் இருக்குமே, அந்த வெள்ளை. அமலோற்பவம் டீச்சர் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கடற்கரைப் பக்கம் யாரோ ஒரு இளஞ்சோடியின் சூளையில் கொடுத்து எரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகள் தெரியாமலோ தெரிந்தோ ஒரு தடவை குரோம் பானை ஒன்றை அவருடைய கிண்ணங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கதவைத் திறந்தபோது எல்லாம் வெட்கப்பட்டு நின்றிருக்கின்றன. டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கிண்ணங்களைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தவர் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், டீயில் மிக்ஸரைத் தோய்த்துத் தின்றபடி. சண்டை போடுகிற மனுஷியை நம்பலாம். சிரித்துக்கொண்டு சொல்கிற மனுஷியை என்ன செய்வது? அன்றைக்கே கலிவரதன் வாக்குக் கொடுத்துவிட்டார். செம்பு வரும், இரும்பு வரும், எமனே வந்தாலும் வருவான், குரோம் வராது டீச்சர், என்றார். இந்தத் தடவைக் கிண்ணங்கள் சும்மா ஆசைக்குச் செய்தவையும் இல்லை. அடுத்த வாரம், இறந்துபோன அவர் வீட்டுக்காரர் மிக்கேலுக்கு வருஷப் பூசை. பூசை முடிந்து வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையால் செய்த வெள்ளைக் கிண்ணத்தில் பாயசம் ஊற்றித் தரவேண்டும் என்று கோடையெல்லாம் சக்கரத்தில் உட்கார்ந்து வளைத்தவை. அவற்றுக்குப் பின்னால்தான் இவர் கோப்பையைக் கொண்டுபோய் வைத்தார். அதை நினைக்காமல் இருக்க மறுபடி மீட்டரைப் பார்த்தார். முந்நூற்று எட்டு. சரி, இறங்கத்தான் செய்கிறது.

ஏன் வைத்தார் என்றால், ஒரு வாஷ்பேசினுக்காக. விருத்தாசலத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கிளேஸ் கலக்குகிற பகுதியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர் கலிவரதன். அங்கே ஒருநாள் சூளையிலிருந்து வந்த வண்டியில், நூறு கடல்பச்சை வாஷ்பேசினுக்கு நடுவே ஒன்று மட்டும் எருக்கிலை நிறத்தில் வந்தது. எருக்கிலையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பச்சையா வெள்ளையா சாம்பலா என்று சொல்ல முடியாது. பச்சைக்குமேல் யாரோ மூச்சு விட்ட மாதிரி இருக்கும். விரலால் தொட்டால் அந்த மூச்சு ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே அது. வெளிச்சம் அதன்மேல் விழுந்து திரும்பி வரவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது. எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. கம்பெனிக் கலரில் சேரவில்லை என்று சூப்பர்வைசர் சுத்தியலால் ஒரு போடு போட்டு இடிசல் குவியலில் தள்ளச் சொல்லிவிட்டார். ஒரு சில்லாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை; சாயந்திரம் தோன்றினபோது இடிசல் லாரி போய்விட்டிருந்தது. இது நடந்த கதை. சத்தியமாக நடந்தது. கஷ்டம் என்னவென்றால், கலிவரதன் இதற்கு முன்னாலும் பின்னாலும் சொன்ன கதை எதுவும் நடந்ததில்லை. அந்தக் கம்பெனிச் சூளை அத்தனை நீளம், ஒரு முனையில் மாப்பிள்ளைக் கோலத்தில் நுழைந்தவன் மறுமுனையில் பேரப்பிள்ளையோடு வெளியே வந்தான் என்று சொல்லியிருக்கிறார். சூளை வண்டியில் குட்டி போட்ட பூனையைத் தெரியாமல் உள்ளே தள்ளிவிட்டார்கள், குட்டிகள் ஐந்தும் கிளேஸ் ஏறிப் பளபளவென்று வந்து பால் கேட்டன, தட்டினால் டங்கென்று சத்தம் வரும் என்று சொல்லியிருக்கிறார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் கொடுத்திருக்கிறார்; ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அவளைக் கப்பலில் ஏற்றி ரியூனியன் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது அதில் நன்றாக விலைபோனது, பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். நிஜக் காரணம் ரொம்பச் சப்பை. யாரும் கேட்கவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டார், அம்மா போனபோது கேட்கிற வயது போயிருந்தது. நிஜத்துக்கு ஒரு தளுக்கும் கிடையாது, அதை வைத்துக்கொண்டு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆளை உட்காரவைக்க முடியாது. அதனால்தான் கதை. கதை இருந்தால் ஆள் உட்காரும். டீச்சர் உட்கார்ந்தார். மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கூட்டியில் கிண்ணங்களை மடியில் பிள்ளையை வைத்த மாதிரி வைத்துக்கொண்டு வருவார், அடுக்குவார், அப்புறம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன புளுகு அண்ணே என்பார். கேட்டுக்கொண்டே ஓட்டை கண்டுபிடிப்பார். பூனை சூளைக்குள் போனது சரி, மீசை கருகாதா? பேரப்பிள்ளையோடு வந்தான் சரி, உள்ளே பொண்டாட்டி எப்படி வந்தாள்? கலிவரதன் ஓட்டையை அடைக்க இன்னொரு கதை சொல்வார். பொழுது போய்விடும். ஒருநாள் வாஷ்பேசின் கதையைச் சொன்னார். டீச்சர் இதற்கும் சிரித்தார். எருக்கிலைப் பச்சையில் முகம் கழுவினால் கண்ணுக்கு ஆகாது அண்ணே, பால் பட்டாலே பார்வை போயிடும் என்று சிரித்தார். எல்லாக் கதைக்கும் சிரித்தபோது இனித்த அதே சிரிப்பு அன்றைக்கு மட்டும் ஏன் கரித்தது என்று அவருக்கே விளங்கவில்லை. இல்லை டீச்சர், இது நிஜம் என்றார். டீச்சர் இன்னும் சிரித்தார்.

அதிலிருந்து பிடித்தது சனி. பச்சை என்றால் லேசு என்று நினைக்கிறவன் தோப்பைப் பார்த்து நினைக்கிறான். நெருப்புக்குப் பச்சை பிடிக்காது. செம்பைப் போட்டார்; கேஸ் சூளையில் காற்றைக் குறைத்த மாத்திரத்தில் செம்பு பச்சையை உதறிவிட்டு, ஆட்டு ஈரல் நிறத்தில் வந்து நின்றது. இரும்பைப் போட்டார், சோடா பாட்டில். நிக்கலைப் போட்டார், மாடு இறங்கின குட்டை. கோபால்ட்டோடு டைட்டானியம் சேர்த்தால் பச்சை வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சேர்த்தார். வந்தது, படுத்த படுக்கையாகக் கிடக்கிற கிளி நிறத்தில். மங்கல் மட்டும் கைக்கு வந்துவிட்டது. டோலமைட்டும் மாக்கல் பொடியும் சரியான அளவில் சேர்ந்து, ஆறுகிறபோது நிதானமாக ஆறினால், பூசணிக்காய்மேல் இருக்கிற சாம்பல் மாதிரி அந்த மாவு அழகாகப் பூத்துவிடுகிறது. மாவு இருக்கிறது, அதற்கு அடியில் இருக்க வேண்டிய பச்சைதான் இல்லை. வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குத் தோரணமும் கட்டியாகிவிட்டது, குடியிருக்க ஆள் வரவில்லை. குரோமுக்குத்தான் அந்தத் தெம்பு உண்டு. எத்தனை நெருப்பிலும் பச்சையை விடாது. அதிகம் போட்டால் ஸ்கூல் கரும்பலகைப் பச்சை. துளிப் போட்டால், அந்த மாவுக்கு அடியில் போட்டால், எருக்கிலை வரலாம். வரலாம். இந்த வரலாம் இருக்கிறதே, அது ஒரு மாசமாக அவரைத் தூங்கவிடவில்லை. தனக்கென்று தனியாக ஒரு தடவை சூளையைப் போட்டிருக்கலாம். அப்படித்தான் யாரும் கேட்பார்கள். ஒரு கோப்பைக்காக யார் ஒரு சூளையை எரிப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதுவும் நிஜமில்லை. தனியாக எரித்துத் தனியாகத் திறந்து, எருக்கிலைப் பச்சை வந்தேவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், யாரிடம் காட்டுவது? எடுத்துவைத்து அடுத்த மாசம் டீச்சரிடம் காட்டினால் கடையில் வாங்கினது என்பார். திறக்கிறபோது அவர் இருக்க வேண்டும். அவர் கண்ணெதிரே, சூடு அடங்காமல், அது வெளியே வர வேண்டும். அதற்காக, அடுக்கி முடித்து டீச்சர் சாயங்காலப் பூசைக்கு நேரமாச்சு என்று கிளம்புகிற சமயத்தில், மிச்ச இடத்துல நீங்க என்ன வைக்கப்போறீங்க என்று கேட்டபோது, ஒரு பச்சைக் கோப்பை டீச்சர் என்றார். எதுல பச்சை என்றார் டீச்சர், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. செம்பு என்றார் கலிவரதன். பூனைக்குட்டிக்கு மீசை கருகாததற்குக் கைகாலெல்லாம் ஆட்டிக் காரணம் சொன்ன வாய், இந்த ஒரு சொல்லைக் கண் இமைக்காமல், அலங்காரமே இல்லாமல் சொல்லிற்று. அதுதான் இப்போது உறுத்துகிறது. அது கதையில்லை. அதுதான் பொய்.

இருநூற்றுத் தொண்ணூற்று ஐந்து. தோப்புக்கு அப்பால் மயில் அகவியது. பன் ரொட்டிக்காரனின் ஹார்ன் தார்ச்சாலையில் எங்கோ தேய்ந்து போயிற்று; அவன் இந்தப் பக்கம் வருவதை விட்டு நாளாகிறது, ஒற்றைப் பன்னுக்கு ஒரு மைல் மிதிக்க அவனுக்கு என்ன தலையெழுத்து. முந்தாநாள் ஒரு பெண் போன் செய்து லோன் வேண்டுமா சார் என்று கேட்டது. வேண்டும் என்றார் கலிவரதன், யானை வாங்க. அந்தப் பெண் அடுத்த கேள்வியாக, வேலை பார்க்கிற இடம் எது சார் என்று ஒப்பித்தது. யானையைப் பற்றி ஒரு கேள்வி கேட்காதா என்று ஏங்கிப்போய், ஆண் யானை என்று இவராகவே சொன்னார். போனை வைத்துவிட்டது. டீச்சராக இருந்தால் தந்தம் உண்டா, எங்கே கட்டுவீர்கள், முந்திரிக்கொட்டை தின்னுமா என்று ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருப்பார். இனி என்ன? கதவு திறக்கும், கிண்ணங்கள் சிவந்திருக்கும், டீச்சர் செய்தித்தாளை எடுப்பார். அதற்குமேல் என்ன என்று நினைத்துப் பார்க்க முயன்றார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. சிவப்பு, செய்தித்தாள், அப்புறம் இந்த நாற்காலி. ஒருவேளை சிவக்காமல் இருந்தால்? உடைந்த தட்டைச் சுவராக வைத்தோமே. ஆவிக்குச் சுவர் ஏது. சுவருக்குமேல் நாலு விரல் இடைவெளி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டுதான் வைத்தார். சரி, சிவந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், என்ன சொல்லலாம்? சிலிண்டர் சரியில்லை, போன மாசத்திலிருந்தே ஒரு மாதிரி வாசனை. தேறாது, கேஸில் குரோம் எங்கிருந்து வரும், டிராயிங் டீச்சர் என்றாலும் இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சூளைத்தட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கினேன், முன்னே வைத்திருந்தவன் குரோம் போட்டிருப்பான், தட்டு அதைக் குடித்து வைத்திருந்து இப்போது கக்கிவிட்டது. இது தேறும். தட்டு கக்குவது உண்டு. ஆனால் இதே தட்டில்தான் போன மாசம் வரை வெள்ளை வெள்ளையாக வந்தது. ஓணான் ஒன்று உள்ளே புகுந்து செத்து, ஓணான் எலும்பு வெந்தால் சிவப்பு ஏறும் என்று எங்கள் பழைய ஃபோர்மேன் சொல்வார். இதைச் சொன்னால் சிரிப்பார். சிரித்தால் தப்பித்தோம். சிரிக்காவிட்டால், வருஷப் பூசைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஓணான் கதை சொன்ன மனுஷன் என்று ஆகிவிடும். மிக்கேல் இருந்தபோது ஒரே ஒரு தடவை வந்திருக்கிறார். சூளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் கோழி வைத்தால் எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டார். நல்ல மனுஷன்.

வேறு ஒரு வழி இருந்தது. அது மதியத்திலிருந்தே மனசின் ஓரத்தில் பூனை மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது, இவர் பார்க்காத மாதிரி இருந்தார். சூளைக்கதவில் கண் மட்டத்துக்கு ஓர் ஓட்டை. அதை அடைக்க ஒரு கல். இப்போது அந்தக் கல்லை உருவினால், மேலே புகைப்போக்கி மூடியையும் தள்ளிவிட்டால், வெளிக்காற்று உள்ளே பாயும். முந்நூறு டிகிரியில் இருக்கிற கிண்ணத்துக்குக் காற்றுப் பட்டால் போதும், டிக் என்று ஒரு கீறல் விழும். எல்லாவற்றிலும் வேண்டாம், சிவந்திருக்கக்கூடிய கீழ்த்தட்டில் விழுந்தால் போதும். கீறல் யார் குற்றமும் இல்லை. மண் குற்றம், காற்றின் குற்றம், ஆண்டவன் சித்தம். கீறின கிண்ணத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு இரண்டு பேரும் ஐயோ என்று சேர்ந்து உட்காரலாம். சேர்ந்து உட்காருவது என்ற இடத்தில் மனசு சிக்கிக்கொண்டது. கிண்ணத்தை உடைத்தாவது, அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்து, போகட்டும் விடுங்கண்ணே என்று சொல்வதைக் கேட்கலாம். சிவந்த கிண்ணம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும், உடைந்த கிண்ணம் அவரை விட்டுவைக்கும். இதில் என்ன பாவம்? கோடையெல்லாம் வளைத்த கை. அடுக்குகிறபோது டீச்சருடைய நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும், படம் போடுகிற பிள்ளைக்கு மாதிரி. கலிவரதன் எழுந்தார். எழுந்தது தண்ணீர் குடிக்க என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். தோல் கையுறை தானாகக் கையில் ஏறியது. கல்லைப் பிடித்து அசைத்தபோது அரை விரற்கடை வந்தது. அந்த இடுக்கு வழியாகச் சூடு மூஞ்சியில் மூச்சு விட்டது. கண்ணை வைத்துப் பார்த்தார். இருட்டு. நெருப்பு இருந்தவரை உள்ளே எல்லாம் தெரிந்தது, இப்போது நெருப்பு போய்ச் சூடு மட்டும் இருக்கிறபோது ஒன்றும் தெரியவில்லை. உள்ளே எங்கோ டிக் என்றது. அவ்வளவுதான், ஒரே டிக். கலிவரதன் கல்லை உள்ளே தள்ளி, தள்ளின பிறகும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார், ஏதோ உள்ளிருந்து யாரோ திறக்கப் பார்க்கிற மாதிரி. இரும்புக் கதவு சுருங்குகிற சத்தமாக இருக்கும். சுருங்கினால் டிக் என்றுதான் சொல்லும். கிண்ணம் கீறினாலும் டிக் என்றுதான் சொல்லும். எது என்று கேட்டுக்கொண்டே நின்றார். கையுறைக்குள் கை வேகத் தொடங்கியும் எடுக்கவில்லை. ஸ்கூட்டி சத்தம் கேட்டுத்தான் எடுத்தார்.

டீச்சர் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். பொறுக்க முடியவில்லை என்றார். பையில் பழைய செய்தித்தாள் இருந்தது. எப்போதும் இருப்பதுதான், இன்றைக்கு மட்டும் அதைப் பார்க்க முடியவில்லை. மீட்டர் இன்னும் இருநூற்றுச் சொச்சத்தில் இருந்ததால் டீ போட்டுக் குடித்தார்கள். அண்ணி சென்னையிலிருந்து வருகிறாள், மிக்கேலின் தம்பி பிரான்சிலிருந்து வருகிறான், பாயசத்துக்கு ஜவ்வரிசியா சேமியாவா என்று வீட்டில் தகராறு என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். கலிவரதன் உம் கொட்டினார். ஏன் உடம்பு சரியில்லையா, இன்னும் ஒரு புளுகும் வரலையே என்றார் டீச்சர். வெயில் என்றார் இவர். பொழுது இறங்கின பிறகு, இரண்டு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்கள். மேல்தட்டில் நுங்கு நுங்காக உட்கார்ந்திருந்தன கிண்ணங்கள். டீச்சர் ஒன்றை எடுத்துச் சுண்டினார், நல்ல சத்தம். இரண்டாவது தட்டும் வெள்ளை. கலிவரதனுக்கு மூச்சு லேசாக இறங்கத் தொடங்கியது. கீழ்த்தட்டில் பின்வரிசைக் கிண்ணங்கள் சிவந்திருந்தன. முழுக்க இல்லை. மூலையைப் பார்த்திருந்த பக்கம் மட்டும், தூங்கி எழுந்த பிள்ளைக்குப் பாய் பதிந்த கன்னம் மாதிரி. டீச்சர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைப் பக்கம் ஒரு பார்வை, சிவந்த பக்கம் ஒரு பார்வை பார்த்து, தனி வரிசையாகத் தரையில் வைத்தார். வைத்து முடித்ததும் உடைந்த தட்டை நகர்த்தினார். கோப்பை இருந்தது. எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். எருக்கிலைதான். பச்சைக்குமேல் மூச்சு விட்ட மாதிரி, வெளிச்சம் உள்ளேயே தங்கின மாதிரி, அச்சு அசல் அதேதான். ஆனால் கலிவரதன் அதைப் பார்க்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிற டீச்சரைப் பார்த்தார்.

“தட்டு பழசு டீச்சர்,” என்றார். “முன்னே வச்சிருந்தவன் ஏதோ போட்டிருப்பான். அது இப்போ கக்கியிருக்கு.”

டீச்சர் கோப்பையைத் திருப்பி அடியைப் பார்த்தார். போன மாசம் வரைக்கும் ஏன் கக்கவில்லை என்று கேட்பார் என்று கலிவரதன் காத்திருந்தார். கேட்டால் போதும். கேட்டால் இன்னொன்று சொல்லலாம், அதற்கு அவர் இன்னொன்று கேட்பார்.

“இருக்கும்ணே,” என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். கோப்பையை ஸ்டூல்மேல், தான் எப்போதும் உட்காருகிற இடத்தில், சத்தம் வராமல் வைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். வெள்ளைக் கிண்ணங்கள் முதலில், சிவந்தவை அப்புறம். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மடிப்பு. கலிவரதன் கூட உட்கார்ந்து சுற்றக் கை நீட்டினார், பரவாயில்லை நானே பண்ணிக்கிறேன் என்றார் டீச்சர், ரேஷன் கடையில் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிற மரியாதையோடு. கோபம் வந்த முகத்தில் எங்கேயாவது பிடித்து ஏறலாம். இது சுவர் மாதிரி வழவழவென்றிருந்தது. பெட்டியை ஸ்கூட்டியில் கட்டுவதற்குக் கயிற்றின் ஒரு முனையை மட்டும் பிடிக்கவிட்டார். இழுத்து முடிச்சுப் போட்டார். வருஷப் பூசைக்கு வாங்க என்று சொல்லவில்லை. போன வாரமே சொல்லியிருந்தார், அதைத் திரும்பச் சொல்லவில்லை. ஸ்கூட்டி முந்திரி மரங்களுக்கு நடுவே போய் வேலி வாசலில் நின்றது. வாசலில் ஒரு பள்ளம், எல்லாரும் நிதானித்துத்தான் போவார்கள். நிதானித்த ஸ்கூட்டி நகரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. கலிவரதன் கொட்டகை வாசலிலேயே நின்றார், கிட்டே போனால் கிளம்பிவிடும் என்கிற மாதிரி, கொக்கைப் பார்க்கிறவன் நிற்பதைப்போல.

டீச்சர் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, திரும்பாமலே உரக்கக் கேட்டார்.

“எவ்வளவு போட்டீங்க?”

எதை என்று கேட்கலாம். போட்டேனா, நானா என்று கேட்கலாம். ஓணான் தயாராகவே இருந்தது.

“நூத்துக்கு ஒண்ணு,” என்றார் கலிவரதன்.

டீச்சர் கையைப் பின்னால் விட்டுப் பெட்டிக் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“ரொம்ப அதிகம். அரை போதும்.”

கண்ணாடி இறங்கியது. ஸ்கூட்டி பள்ளத்தில் ஒரு ஆட்டம் ஆடி ஏறித் தார்ச்சாலைக்குப் போயிற்று. அரை போதும் என்றால், அரை போட்டிருந்தால் இத்தனை சிவந்திருக்காது என்று குத்துவதா. அரை போட்டாலும் அந்தப் பச்சை வரும் என்பதா. இனிமேல் போடும்போது என்பதா, இனிமேல் நீ தனியாகப் போட்டுக்கொள்ளும்போது என்பதா. இல்லை, ஆயிரம் பிள்ளைகள் படத்தில் அழுத்தின பென்சிலை லேசாகப் பிடி என்று சொல்லிச் சொல்லிப் பழகின வாய், தப்பைப் பார்த்துவிட்டுத் திருத்தாமல் போகத் தெரியாமல் சொல்லிவிட்டுப் போனதா. சாலையில் சத்தம் தேய்ந்து, இன்னும் கேட்கிற மாதிரி இருந்து, அப்புறம் அது வேறு ஏதோ வண்டி என்று தெரிந்தது. கலிவரதன் திரும்பினார். சூளைக்கதவு ஆவென்று திறந்து கிடந்தது, உள்ளே வெறும் தட்டுகள். பக்கவாட்டில் முந்திரி மரங்கள் இருட்டத் தொடங்கியிருந்தன. அவற்றில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பொதுவாக ஒரு பக்கம் பார்த்து, பக்கத்தில் நிற்கிற ஒருத்தருக்குச் சொல்கிற குரலில் கலிவரதன் சொன்னார்:

“அரை போதுமாம்.”